வளர்மதிக்குப் போடாத ஊசி

முழங்காலில் இரண்டு சின்னத் துளைகள் போட்டு அறுவை செய்த பிறகு நோயாளிக்கு வலி தெரியாமல் இருக்க என்ன கொடுக்க வேண்டும் என்று இளம் மயக்க மருத்துவர்களான உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த மருந்து, எந்த நரம்பு, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே ஊசியை நகர்த்துகிறீர்கள். எங்கள் காலத்தில் நரம்பு இந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நம்பித்தான் குத்துவோம். பெரும்பாலும் இருந்தது. இல்லாதபோது நோயாளியே சொல்லிவிடுவார்.

ஆகவே மருந்துப் பேச்சை விட்டுவிடுகிறேன். மருந்தை ஊசியில் ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசியில் போடாமல் கீழே வைத்த ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். மயக்க மருத்துவராக நான் கொஞ்சம் புத்தியோடு நடந்துகொண்ட நாட்கள் எவை என்று யோசித்தால் அந்த நாள்தான் உடனே ஞாபகத்துக்கு வருகிறது. அந்தப் புத்தி வருவதற்கு முன்னால் அடித்த கூத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கதை கால் பக்கம்கூட வராது.

எண்பதுகளின் கடைசி. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தேன். எங்கள் எலும்பு டாக்டர் மூட்டுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய் ஒன்றை வெளியூரிலிருந்து பழசாக வாங்கி வந்திருந்தார். இப்போதுபோல் டிவி கிடையாது. குழாயின் முனையில் அவர் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொள்வார். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்து முழங்காலின் நிலவரத்தைத் தெரிந்துகொள்வோம். "ஆகா" என்றால் ஏதோ கிடைத்திருக்கிறது. வாயே திறக்காவிட்டால் அன்றைக்கு நாங்கள் சாப்பிட நேரமாகும்.

அந்தக் குழாய்க்கு வந்தவர்களில் வளர்மதியும் ஒருத்தி. நாமக்கல் பக்கத்துக் கிராமம். வயது முப்பதுக்குள் இருக்கும். கணவரோடு சேர்ந்து கோழிப்பண்ணை நடத்திக்கொண்டிருந்தாள். முட்டை அட்டைகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வரும்போது ஈரத்தில் வழுக்கி, கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகத் திரும்பிவிட்டது. மூட்டுக்குள் இருக்கும் மெத்தை கிழிந்து நடுவில் சிக்கிக்கொண்டது. முழங்கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை.

"எப்படிம்மா விழுந்தே?" என்று எலும்பு டாக்டர் கேட்டார்.

"உழுந்தது உழுந்துட்டனுங்க. ஆனா முட்டை ஒண்ணுகூட ஒடையலீங்க" என்றாள்.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள அந்தப் பதில் ஒன்றே போதும். நான் அப்போது ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் ஸ்டெதாஸ்கோப் இருந்தும் அது தெளிவாகக் கேட்டது.

வளர்மதிக்கு அவசரம் இருந்தது. தம்பி தங்கராசுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பட்டுக் கட்டி, நகை போட்டு, அவன் பக்கத்தில் நின்று செய்வது. புதுச்சேலை ஒன்றின் ஒரு முனை அவன் தோளிலும் மறுமுனை அவள் கையிலும் இருக்கும். அந்தச் சீர் முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். அப்பா இல்லாத வீடு. அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் இவள்.

"வெட்டித் திறந்து பண்ணினா கல்யாணத்துக்குக் கட்டிலோடதான் போகணும். துளை போட்டுப் பண்ணினா நடந்தே போகலாம்" என்றார் எலும்பு டாக்டர். அவருக்கும் அந்தக் குழாயைக் கையில் எடுக்க ஆசை.

அறுவை நன்றாக முடிந்தது. "ஆகா" இரண்டு முறை கேட்டது. தையல் போடுவதற்கு முன் நான் முன்னால் வந்தேன். முதுகில் போட்ட ஊசி தெளிந்தபிறகு வலி வரும். ஆனால் அந்தத் துளை வழியாகவே மூட்டுக்குள் மரப்பு மருந்தை விட்டுவிட்டால் அதற்குப் பிறகும் வெகுநேரம் தாங்கும் என்று ஒரு மாநாட்டில் டீ குடிக்கிற இடத்தில் யாரோ பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. எங்கள் மருத்துவமனையில் யாரும் செய்து பார்த்ததில்லை. நான் செய்தேன்.

பலன் பிரமாதம். அன்று சாயங்காலம் மூன்று முறை ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய் வளர்மதியைக் காட்டினேன். முதலில் எலும்பு டாக்டர், அடுத்து தலைமை நர்ஸ், பிறகு வேறு யாரும் கிடைக்காமல் கண் டாக்டர்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சங்கூட இல்லீங்க. இது என்ற காலுதானுங்களா?"

கண் டாக்டர் "சரி, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். நான் அன்று வீட்டுக்குப் போனதே தெரியவில்லை, மிதந்துதான் போயிருக்க வேண்டும்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது வளர்மதி என்னைப் பார்த்துக் கேட்டாள். "டாக்டரம்மா, நடக்கலாங்களா?"

"தாராளமா நடக்கலாம்" என்றேன்.

நான் நினைத்த நடை, கட்டிலிலிருந்து குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்வருவது. அவள் கேட்ட நடை எது என்று நான் கேட்கவில்லை. எலும்பு டாக்டர் பாரம் தூக்காதே, காலை உயர வைத்துப் படு, அதிகம் நிற்காதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் அனுப்பினார். அவர் அத்தனை சொன்னார், நான் ஒன்றே ஒன்று சொன்னேன். ஊர் போய்ச் சேர்ந்தது என்னுடையதுதான்.

எங்களையும் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். எலும்பு டாக்டர் வேலையை முடித்துக்கொண்டு காரில் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் மருத்துவப் பையையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். கல்யாணத்துக்கு எதற்குப் பை என்று கேட்பீர்கள். நம் தொழிலில் உள்ள குறை உங்களுக்கே தெரியும். நோயாளிக்கு அறுத்தவர் முகம் நினைவிருக்கும், தூங்கவைத்தவர் முகம் இருக்காது. பை கையில் இருந்தால் நாலு பேர் எழுந்து நின்று டாக்டர் என்று மதிப்பார்கள் என்று ஒரு சின்ன ஆசை.

மதித்தார்கள். பந்தல் வாசலில் நின்ற ஒரு பெரியவர் பையைப் பார்த்ததும், "வாங்க வாங்க. டாக்டருங்களா?" என்றார்.

"ஆமாம்."

"உக்காருங்க. பண்ணை டாக்டரம்மா வந்திருக்காங்க, காபி கொண்டாங்கப்பா."

நான் விளக்கம் சொல்வதற்குள் கோழித் தீவன வியாபாரிகள் இருந்த வரிசையில் உட்கார்த்திவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவர் கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சலுக்கு எந்த ஊசி நல்லது என்று மரியாதையாகக் கேட்டார். நான் ஆத்தூர்க்காரி. அந்தப் பக்கத்து 'ங்க' என் வாயில் ஒட்டாது. "எனக்குத் தெரியாது" என்றேன். இவ்வளவு திமிர் பிடித்த கோழி டாக்டரை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

அப்போதுதான் வளர்மதியின் அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். முகம் சரியில்லை. "கொஞ்சம் உள்ள வாங்க சாமி" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

சாமான்கள் வைத்திருந்த அறையில் வளர்மதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, தலை நிறையப் பூ. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூசணிக்காய் இருந்தது.

"என்னம்மா பண்ணினே?"

"நடந்தனுங்க."

"எங்கே?"

"பத்திரிகை வெக்கறதுக்குங்க. ராசிபுரம் போனமுங்க, திருச்செங்கோடு போனமுங்க. நடுவால பண்ணையையும் பாக்கோணுமில்லீங்க? மாத்தரை போட்டுக்கிட்டா வலிக்கறதில்லீங்க, அதனால நடந்தனுங்க. இன்னைக்குக் காலையில இருந்துதான் ஊணவே முடியல."

"நீங்கதானுங்களே தாராளமா நடக்கலாம்னீங்க" என்றார் அம்மா. அறையில் இருந்த எல்லாப் பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். 'தாராளமா'வைக்கூட விடாமல் நினைவில் வைத்திருந்தார்.

நான் கட்டிலருகே உட்கார்ந்து காலைப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. தோல் சிவந்து கொதிக்கவில்லை. ஆடுசதை மெத்தென்று இருந்தது, கால்விரல்கள் அசைந்தன. சீழ் இல்லை. உள்ளே ரத்தமும் நீரும் கட்டியிருக்கிறது. ஒழுங்காகப் படுக்க வைத்து, நாளைக்குச் சேலத்தில் சுத்தமான அறையில் வைத்து அதை எடுத்துவிடலாம். அவ்வளவு தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது.

அம்மா என் தோளைத் தொட்டார். "அன்னைக்கு ஒரு ஊசி போட்டீங்களாமே, காலே இல்லாத மாதிரி இருந்துதுன்னு சொன்னா. அதை இன்னொண்ணு போட்டு உடுங்க சாமி. இன்னும் செத்த நேரத்துல சீரு."

அறை வாசலில் நின்றிருந்த அவள் பெரியப்பா குரல் கொடுத்தார். "முடியலீன்னா உடுங்க. எம்பொண்ணு ஜெயா தயாராத்தான் இருக்கறா. அவளும் தங்கச்சி மொறைதானுங்க."

ஜெயா தயாராகத்தான் இருந்தாள். பட்டுக் கட்டி, அவர் பின்னாலேயே சங்கடத்தோடு நின்றிருந்தாள். சொந்த அக்கா உள்ளே உட்கார்ந்திருக்க, இன்னொருத்தி வந்து சீர் செய்தாள் என்றால் அந்தப் பேச்சு அந்த ஊரில் எத்தனை வருடம் இருக்கும் என்று எனக்கே புரிந்தது. வளர்மதி என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையில் மருந்து இருந்தது. எடுத்தேன், ஊசியில் ஏற்றினேன். பொய் சொல்லக் கூடாது, அந்த நேரத்தில் எனக்கு உற்சாகமாகவே இருந்தது. போன முறை வேடிக்கை பார்க்கக் கண் டாக்டரையும் சேர்த்து மூன்று பேர்தான் கிடைத்தார்கள். இந்த முறை ஊரே இருந்தது. போட்டதும் இவள் எழுந்து நடந்து பந்தலுக்குப் போவாள், தீவன வியாபாரிகள் நான் யார் என்று தெரிந்துகொள்வார்கள்.

ஊசியிலிருந்து காற்றை வெளியே தள்ளிக்கொண்டே பேச்சுக்காகச் சொன்னேன். "சீர் முடிஞ்சதும் நேரா வந்து படுத்துக்கணும், என்ன?"

"படுக்கறதுங்களா?" வளர்மதி நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "சீர் முடிஞ்சா பொண்ணூட்டுக்காரங்க வந்துருவாங்க, அழைக்கோணும். பந்தி பாக்கோணும். வெடியக்காலம் எந்திரிச்சு அத்தனை பேருக்கும் சுடுதண்ணி வெக்கோணும். நானில்லாம ஆருங்க பாப்பாங்க? ஊசி போட்டுட்டா ஒண்ணும் தெரியாதில்லீங்க?"

நான் ஊசியைக் கீழே வைத்தேன்.

அந்த வீட்டில் அவளை உட்காரச் சொல்லும் அதிகாரம் அம்மாவுக்கு இல்லை, கணவருக்கு இல்லை, எலும்பு டாக்டருக்கும் இல்லை. காலையிலிருந்து அவளைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தது வலி மட்டும்தான். அதையும் நான் வெளியே அனுப்பிவிட்டால் விடிவதற்குள் அந்த மூட்டு என்னவாகும் என்று நினைத்துப் பார்த்தேன். உள்ளே இன்னும் கசியும். அவளுக்குத் தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

"ஊசி போட முடியாதும்மா" என்றேன்.

அம்மா அழ ஆரம்பித்தார். உண்மைக் காரணத்தை அத்தனை பேர் முன்னால் விளக்கத் தைரியம் இல்லாமல், இந்த அறையில் மூட்டுக்குள் ஊசி போட்டால் கிருமி போய்விடும் என்றேன். அதுவும் உண்மைதான்.

"ஊடு பூரா மஞ்சத்தண்ணி தெளிச்சுத்தானுங்க வெச்சிருக்கறோம்" என்றார் பெரியப்பா. "ஊசி போடாத டாக்டரு எதுக்குங்க பையைத் தூக்கிட்டு வந்தாங்க?"

"அவங்க கோழி டாக்டருங்க" என்று வெளியிலிருந்து ஒரு குரல் விளக்கம் சொன்னது.

அந்த நேரத்தில் நான் பெரிய வீராங்கனையாக நின்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். சேலத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் வளர்மதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டதால் அவள் வலி என் பொறுப்பு இல்லாமல் போய்விடுமா? வலியை மறைக்க மாட்டேன் என்றுதானே சொன்னேன், குறைக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே. இந்த வித்தியாசம் எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

பந்தலுக்குப் பின்னால் கலர் சோடா பாட்டில்களைக் குளிர வைக்க ஒரு அண்டாவில் ஐஸ் கட்டி உடைத்துப் போட்டிருந்தார்கள். அதைத் துண்டில் சுற்றி எடுத்துவரச் சொன்னேன். அரிசி மூட்டை ஒன்றைக் கட்டிலில் போட்டு, மேலே தலையணை வைத்து, காலை அதன்மேல் தூக்கிவைத்தேன். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டு இட்லி சாப்பிட வைத்து மாத்திரை கொடுத்தேன். ஐஸைச் சுற்றி வைத்து நீளத் துணியால் கட்டினேன். கலர் கேட்ட குழந்தைகளுக்கு அன்று வெதுவெதுப்பாகத்தான் கிடைத்தது. அவர்களும் என்னைத் திட்டியிருப்பார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் பல்லைக் கடிப்பது நின்றது. முகம் தெளிந்தது. எழுந்து நிற்கப் பார்த்தாள், காலை ஊன்றியதும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் முதல்முறையாக அழுதாள்.

மாப்பிள்ளை தங்கராசு பாதி அலங்காரத்தில் அறைக்குள் வந்தான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஜெயாவே செய்யட்டும் தங்கராசு" என்றாள் வளர்மதி. "என்னால நிக்க முடியல."

அவன் அக்காவின் முழங்காலைப் பார்த்தான். "நிக்க முடியலீன்னா ஒக்காந்து செய்யுக்கா. நானும் ஒக்காந்துக்கறேன்."

"நின்னு செய்யற சீருடா அது" என்றார் பெரியப்பா. "ஒக்காந்துட்டு ஆரும் செஞ்சதில்லை."

"அப்ப நாங்க செஞ்சதா இருக்கட்டுங்க பெரியப்பா."

"அருமைக்காரர் ஒத்துக்க மாட்டாரு."

அருமைக்காரர் என்பவர்தான் சீர்களை நடத்திவைப்பவர். அவர் வாசலில் தலையை நீட்டி முழங்காலை ஒருமுறை பார்த்தார். "நேரமாகுது. எங்க ஒக்காரோணுமோ சட்டுனு ஒக்காருங்க" என்றார்.

இவ்வளவுதான். நான் ஒரு மணி நேரமாக வியர்த்து வழிந்து யோசித்ததில், நோயாளி நிற்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை. வலியைப் போக்குவது எப்படி என்று மட்டும் படித்தவள் நான். வலி இருக்கும்போதே காரியத்தைக் கொஞ்சம் இப்படி அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்பது பாடத்தில் இல்லை.

பந்தலில் ஒரு பெஞ்சைப் போட்டு அக்காவையும் தம்பியையும் உட்கார வைத்தார்கள். அவள் காலைத் தொங்கவிடக் கூடாது. நீட்டிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து அவள் குதிகாலை மடியில் வாங்கிக்கொண்டேன். ஐஸ் உருகி என் சேலை முழுவதும் ஈரம். மேலே புதுச்சேலையின் ஒரு முனை அவன் தோளில், மறுமுனை அவள் கையில். தம்பி குனிந்து ஏதோ கேட்டான், அவள் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் எலும்பு டாக்டர் வந்து சேர்ந்தார். நான் தரையில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் குனிந்தார்.

"என்ன பண்றீங்க?"

"வலி நிவாரணம்" என்றேன்.

சீர் முடிந்ததும் வளர்மதியைக் கட்டிலோடு பந்தல் ஓரமாகக் கொண்டுவந்து போட்டோம். எழுந்திருக்க முடியாததால் படுத்தபடியே குரல் கொடுத்துப் பந்தியை நடத்தினாள். ஜெயா ஓடியோடிப் பரிமாறினாள். மறுநாள் தாலி கட்டியதும் எலும்பு டாக்டரின் காரில் சேலம் கொண்டுவந்து, அறுவை அறையில் வைத்துக் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தோம். முடியும்போது அவர் என்னைப் பார்த்தார். அந்த மரப்பு மருந்தை மூட்டுக்குள் விட்டேன். இந்த முறை காட்டுவதற்கு யாரையும் கூப்பிடவில்லை. அவள் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன்.

உங்களிடம் இப்போது இருக்கும் மருந்துகள் என்னுடையதைவிடப் பல மடங்கு நல்லவை. காலே இல்லாத மாதிரி ஆக்கிவிடுகின்றன. அதனால்தான் சொல்கிறேன். மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னால், நாளைக்கு உங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று நோயாளியிடம் கேளுங்கள். நடக்கலாமா என்று கேட்டால், எங்கே என்று திருப்பிக் கேளுங்கள். அப்புறம் பதில் சொல்லுங்கள். 'தாராளமாக' என்ற சொல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டு மாதம் போலக் கழித்து வளர்மதி கணவரோடு மருத்துவமனைக்கு வந்தாள். எலும்பு டாக்டர் ஊரில் இல்லாததால் நான் பார்த்தேன். கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுந்து காட்டச் சொன்னேன். முழங்கால் அழகாக மடங்கியது. வீக்கம் இல்லை.

"வலி இருக்கா?"

அவள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நெசத்தச் சொல்லட்டுங்களா டாக்டரம்மா? வலி போயிப் பல நாளாச்சுங்க. ஊட்டுலதான் இன்னும் சொல்லலீங்க. வலிக்குதுன்னு சொன்னாத்தானுங்க காபியக் கைக்குக் கொண்டாந்து குடுக்கறாங்க."

நான் கதவைத் திறந்து கணவரை உள்ளே கூப்பிட்டேன். நல்ல மனுஷர், உண்மையான கவலையோடு கேட்டார்.

"இந்த வலி எப்பத்தானுங்க தீரும்?"

முகத்தை எவ்வளவு கடுமையாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு கடுமையாக வைத்துக்கொண்டேன். "இன்னும் ஒரு மாசம் இருக்கும். அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, அதிகமா நிக்கக் கூடாது."

அவருக்குப் பின்னால் நின்றிருந்த வளர்மதி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"எதுக்கும் ரெண்டு மாசம்னு வெச்சுக்குங்க" என்றேன்.